செல்வராணியின் இடம்

ஓர் அலுவலகத்தில் பழைய சர்வர் கணினியும் புதிய சர்வர் கணினியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் பழையதற்குள் வந்துதான் வேலை செய்வார்கள். புதியதே போதுமென்று மேலாளர் முடிவெடுக்க, எல்லாரும் அங்கே மாறிவிட்டார்கள். செல்வராணியின் திரை மட்டும் பழையதில் திறந்தே கிடந்தது. முறையாக வெளியேறாமல் போவது அவள் வழக்கம்.

“அந்தம்மா செத்துப்போய் மாசமாச்சே அக்கா, அவங்க திரையை மூடிவிடேன். நானா இருந்தா அன்னிக்கே வெளியே அனுப்பியிருப்பேன்,” என்றது புதியது.

“நேத்துகூட ஒரு எழுத்து அடிச்சாளேடி. என்னை அணைச்சா அவ எங்கே போவா?”

புதியது தன் கதவைத் தாழிட்டுக்கொண்டது.

மதியம் பழையதை அணைத்தார்கள். அதன் விளக்கு அடங்கியதுமே யாரோ புதியதின் கதவைத் தட்டினார்கள்.

“யாரு?”

செல்வராணி என்று பெயர் வந்தது. கடவுச்சொல்லும் சரியாக இருந்தது.

புதியது ஆண்டவனை வேண்டிக்கொண்டு, “வாங்கம்மா, உட்காருங்க,” என்றது.