நீதிபதிக்குப் பதவி உயர்வு

நீதிபதி ஆரின் டாவெண்டர் தன் அறையிலிருந்த சட்டப் புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்த மனைவி லவினியாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

"வேலையைப் பிடுங்கிட்டாங்களா, ஆரின்?"

"அப்படித்தான் நடக்கும்னு நானும் நினைச்சேன். கவர்னர் என்னைத் தலைநகர் ஹெலினாவுக்குக் கூப்பிடுறார். மாநில உச்ச நீதிமன்றத்துக்கு."

அவளால் நம்ப முடியவில்லை. அமெரிக்காவில், மொன்டானாவின் அந்தச் சுரங்க ஊரில் 1912 குளிர்காலம் முழுக்க வேலைநிறுத்தம். தொழிலாளர் குடும்பங்களைக் கம்பெனி வீடுகளிலிருந்து காலி செய்ய உத்தரவு போடு, இல்லையென்றால் அடுத்த நீதிபதித் தேர்தலில் நீ ஜெயிக்க மாட்டாய் என்று கம்பெனி ஆட்கள் அவரிடம் நேரிலேயே சொல்லியிருந்தார்கள். வெளியே முழங்கால் அளவு பனி.

"அந்தக் குடும்பங்க?"

"யாரையும் துரத்தக் கூடாதுன்னு தீர்ப்பு எழுதிட்டேன். மத்தியானம் கோர்ட்ல படிச்சுட்டு ரயில் ஏறிடலாம்."

அப்போது தொப்பியில் பனி ஒட்டியிருக்க கிளெமென்ட் ரஸ்க் உள்ளே வந்தார். சுரங்கக் கம்பெனியின் சம்பள வக்கீல். பின்னாலேயே பைபிளோடு கோர்ட் குமாஸ்தா.

"வாழ்த்துகள் ஐயா. உடனே பதவிப் பிரமாணம் எடுத்துக்கச் சொல்லி கவர்னர் தந்தி அடிச்சிருக்கார்."

"உன் கம்பெனிக்கு வயிறு எரியுமே, ரஸ்க்?"

"அது இப்போ என் கம்பெனி இல்லீங்க. காலையிலதான் வேலையை விட்டேன்."

"உனக்கும் மனசாட்சி இருக்கா? வெளியில சொல்லிடாதே. அப்புறம் உனக்கு ஒரு கேஸும் வராது." டாவெண்டர் சிரித்தார். பல வாரங்களுக்குப் பிறகு லவினியா கேட்ட சிரிப்பு அது.

பைபிள் மேல் கை வைத்து அவர் பிரமாணத்தைச் சொல்லி முடித்தார். லவினியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கோட்டை எடு லவினியா. கோர்ட்ல ஜனங்க குழந்தைகளோட காத்திருப்பாங்க."

ரஸ்க் வழிவிடவில்லை.

"எந்த அதிகாரத்துல படிப்பீங்க ஐயா? மேல் கோர்ட்டுக்குப் பிரமாணம் எடுத்த நிமிஷமே இங்க உங்க பதவி காலியாயிடுச்சே."

டாவெண்டர் கையிலிருந்த தீர்ப்பைப் பார்த்தார். கீழே தெருவில் யாரோ ஒரு பெண் இருமுவது கேட்டது.

"அப்போ இந்த வழக்குல யார் தீர்ப்பு சொல்லப்போறாங்க?"

ரஸ்க் தொப்பியைக் கழற்றி, கவர்னரின் இன்னொரு தந்தியோடு மேஜைமேல் வைத்தார். குமாஸ்தாவின் பக்கம் திரும்பி வலது கையை உயர்த்தினார்.

"இந்தப் பதவிக்கு எனக்குப் பிரமாணம் செஞ்சு வைங்க."