பிரிண்ட் போடாத பெயர்

"கன்னையண்ணா, கோவா ஃபுட்பால் கிளப்புல நாலு பசங்களத் தூக்கிட்டாங்ளாமா. அவங்க ஜெர்ஸிக்குப் பேரு பிரிண்ட் போட வேண்டாமுங்க," என்று பனியன் கம்பெனி சூப்பர்வைசர் பட்டியலை நீட்டினான்.

மூன்றாவது பெயர் சிவராஜ். கன்னையனின் மகன்.

மெஷினை நிறுத்திவிட்டு, கோவாவுக்கு ஆடப் போயிருந்த மகனுக்குப் போன் போட்டார்.

"பிராக்டீஸ் எப்படிப் போகுது கண்ணு?"

"நல்லாப் போகுதுங்கப்பா. இப்பத்தான் கிரவுண்டுக்கு வந்தேன்."

பாவம், இன்னும் தெரியாது போலிருக்கிறது.

"பாத்து ஆடு சாமி," என்றார்.

அந்த நேரம் பார்த்துக் கம்பெனியில் டீக்குச் சங்கு ஊதியது. அதே சங்கு போனுக்குள்ளிருந்தும் கேட்டது. சிவராஜ் சட்டென்று போனை வைத்துவிட்டான்.

கன்னையன் இரண்டு டீ வாங்கிக்கொண்டு கம்பெனி வாசலுக்கு நடந்தார்.