கால்வழி மூச்சு

ஆழ்கடல் வேலைக்காகச் சூசையைக் கம்பெனிக்காரர்கள் காலால் மூச்சுவிடும் கடல் சிலந்தி மாதிரி மாற்றியிருந்தார்கள். நுரையீரல் ஓய்ந்துபோய், இப்போது கால்தோல் வழியாகத்தான் மூச்சு. ஏழு மாதம் கழித்துத் தூத்துக்குடி வீட்டுக்கு வந்தவன், வேட்டியைத் தொடைவரை சுருட்டிவிட்டு, ஈரக் கால்களை நீட்டித் தூங்கிப்போனான்.

மீன் அலசிக்கொண்டிருந்த மனைவி அமலோற்பவம் தற்செயலாக எட்டிப் பார்த்தாள். அவன் உதடு நீலம் பாரித்திருந்தது. கால்களைக் கம்பளி மூடியிருந்தது. அதை உருவி எறிந்து, அவன் கால் நனைக்கவென்று வைத்திருந்த குடத்துக் கடல்தண்ணீரை அவன் கால்களில் கொட்டினாள். வெகுநேரம் கழித்தே கால்தோல் சிலிர்த்தது.

"அப்பாவுக்குக் குளிருமேன்னு நான்தாம்மா போர்த்திவிட்டேன்," என்றாள் நாலு வயது மகள் ஜெனோவா.

சூசை கண் திறந்ததும் அவன் கால்களைக் கட்டிக்கொள்ள ஓடினாள். அமலோற்பவம் அவளைப் பிடித்து இழுத்தாள்.

"விடு புள்ள," என்றான் சூசை. "ஒரு தரம் கட்டிக்கிடட்டும்."

அமலோற்பவம் பிடியை விடவில்லை.