சகலையின் புதுப் பொட்டி

"கை தட்டுறான் பாரு, என்னமோ அவனே செஞ்ச மாதிரி!"

பிராங்கிளின் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான்.

நாகல் நகரில் சௌகத் அலியின் பிரவுசிங் சென்டர். அமெரிக்காவில் வீடியோ கேம் கம்பெனிகள் எல்லாம் கூடி நடத்தும் கண்காட்சியில் டி.வி.யில் மாட்டி விளையாடுகிற புதுப் பொட்டி ஒன்றை அறிவித்திருந்தார்கள். அந்தப் படம் கம்ப்யூட்டரில் நின்று நின்று ஓடிக்கொண்டிருந்தது. மே மாத லீவு. தெருப் பையன்கள் மொத்தப் பேரும் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள்.

கை தட்டியவன் ரொனால்டு. பிராங்கிளினுக்குச் சகலை. அக்கா ரோசலினை இவன் கட்டினான், தங்கச்சி வினோலியாவை அவன் கட்டினான். அதோடு விட்டிருக்கலாம். பிராங்கிளின் வீடியோ கேம் கடை நடத்தும் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே போன வருஷம் அவனும் ஒரு வீடியோ கேம் கடை திறந்துவிட்டான்.

"பாத்தீங்களா சகலை? கேம்ல வர்ற ஆளு மூஞ்சியில வேர்வை ஓடுறதுகூடத் தெரியுது!"

"ம்... கையில பிடிக்கிற சாமான் என்ன, சிறுமலை வாழப்பழம் மாதிரி வளைஞ்சு கெடக்கு? இத வச்சு எவன் வெளயாடுறது?"

ஒரு பையன்கூடச் சிரிக்கவில்லை.

"அடுத்த வருசம்தான் கடைக்கு வருமாம்" என்றான் ரொனால்டு. "எங்க அக்கா வீட்டுக்காரரு நியூஜெர்சியிலதான இருக்காரு? வந்த உடனே வாங்கி அனுப்பச் சொல்லிற வேண்டியதுதான்."

பையன்கள் போட்ட கூச்சலில் சௌகத் அலி எழுந்து வந்து அதட்ட வேண்டியதாகிவிட்டது.

 பிராங்கிளினின் சொந்தக்காரர்களில் ரொம்பத் தூரம் போனவர் இதோ பக்கத்தில் கன்னிவாடியில் இருக்கிறார்.

மறுநாளே ரொனால்டு அந்தப் பொட்டியின் படத்தைப் பெரிதாகக் கலரில் பிரிண்ட் போட்டுக் கடை வாசலில் ஒட்டிவிட்டான். படத்தைப் பார்க்கப் போன பையன்கள் அங்கேயே உட்கார்ந்து விளையாடினார்கள். பொட்டி வருவதற்கு முன்னாலேயே இந்தக் கதி. பிராங்கிளின் தன் கடையில் தனக்குத் தானே கிரிக்கெட் ஆடித் தோற்றுக்கொண்டிருந்தான்.

மத்தியானச் சாப்பாட்டில் ரோசலின் கேட்டாள்.

"என்னங்க, கத்திரிக்கா வெஞ்சனத்தத் தொடவே இல்ல?"

"அவனுக்குப் பொண்ணெடுக்க என் மாமனார் வீடுதான் கெடச்சுச்சு. கடை போட என் பக்கத்துத் தெருதான் கெடச்சுச்சு. இப்பப் பொட்டி வேற!"

"அவரு நல்ல மனுசங்க. உங்களப் பத்தி அம்புட்டுப் பெருமையாப் பேசுறாராம். வினோலியா சொன்னா."

"பேசுவான், பேசுவான். அந்தப் பொட்டி வந்து எறங்கட்டும், அப்புறம் நம்ம கடைய இழுத்து மூடிட்டு நான் அவன்கிட்டயே வேலைக்குப் போறேன். சந்தோசமா?"



சாயங்காலம் நேராகக் கோயிலுக்குப் போனான். கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை மரியசெல்வம் மெழுகுவர்த்திகளைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"செவ்வாக்கெழம அந்தோணியார் பூசைக்கு ஒரு வேண்டுதல் கருத்து எழுதிக் குடுக்கணும்ணே."

"சொல்லு அப்பு. என்ன கருத்து?"

"என் தொழிலுக்கு இடையூறா ஒரு ஆளு இருக்காரு. அவரு விலகிப் போகணும்."

"ஆளு பேரு?"

"பேரெல்லாம் எதுக்குண்ணே? சாமிக்குத் தெரியும்."

செவ்வாய்க்கிழமை காலையில் ரோசலினையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தான். அங்கேதான் தப்புப் பண்ணினான். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசங்கம் பாதி முடிந்த பிறகுதான் அவன் கோயிலுக்குள் நுழைவது வழக்கம். பூசை தொடங்கும்போதே யார் யார் என்னென்ன கருத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று மைக்கில் வாசிப்பார்கள் என்பது அவனுக்கு எங்கே தெரியும்?

"இன்றைய திருப்பலி" என்று மரியசெல்வம் கணீரென்று வாசித்தார், "நம் பங்கைச் சேர்ந்த சகோதரர் பிராங்கிளினின் தொழிலுக்கு இடையூறாக இருப்பவர் விலகிப் போக ஒப்புக்கொடுக்கப்படுகிறது."

கோயிலே திரும்பிப் பார்த்தது. மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்த ரொனால்டும் திரும்பினான்.

பிராங்கிளின் முழங்கால் போட்டுக் குனிந்தவன் பூசை முடிகிறவரை நிமிரவே இல்லை. பக்கத்தில் இருந்த பெண்கள் அவன் பக்தியை மெச்சிக்கொண்டார்கள். ரோசலின் மட்டும் அவனை ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்தாள். அதில் பக்தி எதுவும் இல்லை.

கடைசி ஆசீர் முடிந்ததும் நழுவப் பார்த்தான். கொடிமரத்துப் பக்கத்தில் ரொனால்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஏன் சகலை, இம்புட்டுக் கஷ்டத்த மனசுல வச்சுக்கிட்டு என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலயே?"

"அது வந்து... அப்படியெல்லாம் ஒண்ணும்..."

"நியூஜெர்சி மச்சான்கிட்ட ரெண்டு பொட்டி சொல்லியிருக்கேன். ஒண்ணு உங்க கடைக்கு. வந்து எறங்குனப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். நீங்க இப்படி மனசு ஒடிஞ்சு நிக்கும்போது எதுக்கு மறைக்கணும்?"

பிராங்கிளின் கையை உருவிக்கொள்ளப் பார்த்தான்.

"எனக்கு எதுக்குப்பா..."

"என்ன இப்படிக் கேக்குறீங்க? உங்க கடையப் பாத்துத்தான நான் கடையே போட்டேன்!"

ரோசலின் செருப்பைத் தேடுகிற சாக்கில் நாலு எட்டுத் தள்ளிப் போனாள்.

ரொனால்டு இன்னும் நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினான்.

"பொட்டி கெடக்கட்டும். அந்த இடையூறு பண்ற ஆளு யாரு சகலை? பேர மட்டும் சொல்லுங்க. நீங்க போனா சண்டையாயிரும். நான் போயிப் பக்குவமாப் பேசிப் பாக்குறேன்."