உப்பளத்தில் பெய்த பனி

கோவளத்து உப்பளத்தின் மேல் சித்திரை வெயில் உச்சியில் நிற்கிறது. ஆனால் இன்று இது வடதுருவம். கலர்ப் பேய்ப்படம் எடுக்க வந்தவர்கள் உப்பைப் பரப்பிப் பனியாக்கி, நடுவில் பலகையால் ஓர் ஆராய்ச்சி நிலையம் கட்டியிருக்கிறார்கள். ஆளுயர ஃபேன் உப்பை வாரி இறைக்க, கம்பளிக் கோட்டுக்குள் வேர்த்து ஒழுகும் கதாநாயகன் பல் தந்தியடிக்க நடுங்குகிறான். நேற்றுவரை தான் கூலிக்கு மிதித்த உப்புப் பாத்தியா இது என்று ஜெகதாம்பாள் வாய் பிளந்து பார்க்கிறாள். கரையே தெரியாத வெள்ளை. அதற்கடியில் அவள் புருஷன் பூவராகவன் புதைந்து கிடக்கிறான். பனியிலிருந்து நீளப்போகும் பேயின் கை அவனுடையது. மூச்சுவிட அவன் வாயில் பப்பாளித் தண்டு. சற்று முன்வரை அதன் நுனி மட்டும் வெளியே பச்சையாகத் தெரிந்துகொண்டிருந்தது.

“இன்னாடி, தண்டக் காணோம்?” என்கிறாள் பக்கத்தில் நிற்கும் தனகோடியிடம்.

“உப்பு மூடிக்கிச்சி போல கீது யக்கா.”

“ஆக்‌ஷன்!” என்று டைரக்டர் கத்துகிறார். கை வரவில்லை. ஃபேன் மட்டும் இரைகிறது. அப்புறம் உப்பு மெல்ல விரிகிறது. வெளுத்து வெடித்த ஐந்து விரல்கள் மேலே வந்து காற்றைத் துழாவுகின்றன. கதாநாயகன் நடிக்க மறந்து பின்வாங்குகிறான். ‘கட்’ சொல்ல யாருக்கும் நாக்கு எழவில்லை. ஜெகதாம்பாள் வெறுங்காலோடு பனிக்குள் ஓடி அந்தக் கையை இரு கையாலும் பற்றி இழுக்கிறாள். பேய் எழுந்து உட்கார்கிறது, இமையெல்லாம் உப்பு. “தண்ணி” என்கிறது. ஒருவரும் அசையவில்லை. கேமரா ஓடிக்கொண்டே இருக்கிறது.