இழுத்து மூடிய திரை

ஆஸ்பத்திரி ஜன்னலில் மத்தியான வெயில் காய்கிறது. எட்டு மாதப் பிள்ளைத்தாய்ச்சி மகள் கட்டிலில் அசையாமல் கிடக்கிறாள். வெந்தாற்போல் சிவந்த தோலெங்கும் ஊசிமுனை அளவுச் சீழ்க் கொப்புளங்கள் அடை அடையாய் நிற்கின்றன. விரிப்பு முழுக்க உதிர்ந்த செதில். சம்பந்தி வீட்டார் பார்த்துவிடக் கூடாதென்று அப்பா கட்டிலைச் சுற்றிய திரையை இழுத்துப் பிடித்தபடி விறைப்பாக நிற்கிறார். “இது சொரியாசிஸ், ஒட்டுவாரொட்டி இல்லை சார், எதுக்கு இப்படிப் பொத்தி வைக்கிறீங்க?” என்கிற டாக்டரம்மா மகளிடம் திரும்புகிறார். “நல்லா அடங்கி வந்துச்சேம்மா. மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினா இப்படித்தான் பொங்கி வரும். யார் நிறுத்தச் சொன்னா?” மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் படுமென்று மாத்திரை டப்பாவைக் குப்பையில் போட்டவர் அப்பாதான். “நான்தான் மறந்துட்டேன், டாக்டர்,” என்கிறாள் மகள், வெடித்த உதட்டை மெல்ல அசைத்து. “மறக்கிற விஷயமா இது? மத்தவங்களுக்குன்னா வேற மருந்து இருக்கு. வயித்துல பிள்ளையோட உனக்கு அதைத் தர முடியாதேம்மா.” குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்கும் கருவி வயிற்றின் மேல் நகர்கிறது. இரைச்சல் கேட்கிறது, துடிப்பு கேட்கவில்லை. டாக்டரம்மா மறுபடி மறுபடி தேடுகிறார். “அப்பா, திரையைத் திறங்க. மூச்சு முட்டுது.” வராந்தாவில் சம்பந்தியம்மாளின் குரல் நெருங்கி வருகிறது. திரையைப் பிடித்த அப்பாவின் கை இன்னும் இறுகுகிறது.