இன்னும் ஓடவில்லை

“பதினோரு ஞாயித்துக்கிழமை. இந்நேரம் ஒரு கொத்தனார் அஸ்திவாரம் போட்டு, சுவர் எழுப்பி, தளமும் போட்டிருப்பார். உங்க அப்பாவால ஒரு கம்ப்யூட்டரச் சேத்து முடிக்க முடியல.”

டாக்ஸியின் பின்சீட்டில் அம்மா பொரிந்து தள்ளினாள். அவளுக்கும் பன்னிரண்டு வயது மகளுக்கும் நடுவில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே, காலையில்தான் கடையில் வாங்கிய ரெடிமேட் கேமிங் கம்ப்யூட்டர்.

“எனக்கு இது வேண்டாம்மா. அப்பாவும் நானும் முடிச்சிடுவோம்.”

“எப்போ? நீ காலேஜ் போறப்பவா?”

மகள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அம்மாவும் அப்பாவும் பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு மகள் அப்பாவோடு இருக்கலாம் என்பது கோர்ட் சொன்ன ஏற்பாடு. கேம் விளையாட மகள் ஒரு கம்ப்யூட்டர் கேட்டபோது, பிரிந்த பிறகும் இருவருக்கும் சண்டை மூண்டது.

“ஒண்ணும் தெரியாதவங்களுக்கு ரெடிமேட்தான் சரி. கெட்டுப்போனா கடைக்காரன் சட்டையப் பிடிக்கலாம்” என்றாள் அம்மா.

“பார்ட்ஸ் வாங்கி நாங்களே சேக்கறோம். உள்ள எது எதுக்கு இருக்குன்னு பிள்ளைக்கும் தெரியும்” என்றார் அப்பா.

மகள் அப்பா பக்கம் சாய்ந்தாள். வேலை முடியும்வரை எல்லா ஞாயிறும் போய் வரட்டும் என்று அம்மாவும் விட்டுக்கொடுத்தாள். இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார் என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஆனால் அவர் குடியிருந்த கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடி, ஆளுக்கு ஒரு பக்கம் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். ஒவ்வொரு படிக்கும் அம்மாவின் கோபம் ஒரு டிகிரி ஏறியது.

கதவைத் திறந்த அப்பா, கையில் ஸ்குரூ டிரைவரோடு நின்றார்.

“என்ன இது?”

“கம்ப்யூட்டர் சார். சுவிட்சப் போட்டா ஓடும். அப்படியும் உலகத்துல இருக்கு.” பிரிந்த பிறகு அவரை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல், கோபம் வந்தால் ‘சார்’ என்பது அவள் வழக்கம்.

ஒற்றை அறை. மேஜை மேல் பக்கவாட்டு மூடி இல்லாத கறுப்புப் பெட்டி ஒன்று, வயிற்றைத் திறந்து போட்டது போல ஒயரும் விசிறியுமாக நின்றது. பக்கத்தில் இரண்டு நாற்காலிகள், ஒன்றையொன்று ஒட்டி.

“சிட்டு, கீபோர்ட டாக்ஸியிலயே விட்டுட்டோம் பாரு. கீழதான் நிக்குது, ஓடிப்போய் எடுத்துட்டு வா” என்றாள் அம்மா.

மகள் மனமில்லாமல் இறங்கினாள். அவள் தலை மறைந்ததும் அம்மா ஆரம்பித்தாள்.

“மருந்துக் கடைல வாரம் பூரா நின்னுட்டு, எனக்குக் கிடைக்கறது அந்த ஒரு நாள். அதையும் உங்களுக்குக் குடுத்தேன். நீங்க என்ன பண்றீங்க? ஒரு வாரம் ரேம் சரியில்ல, ஒரு வாரம் மதர்போர்டு சரியில்ல. பத்து மாடி லிஃப்ட ரிப்பேர் பண்ற மனுஷனுக்கு இது ஓடலையாம். யார் காதுல பூ சுத்தறீங்க?”

“எனக்குப் புதுசு. பிசகிடுச்சு.”

“பிசகல. இழுத்தடிக்கறீங்க. முடிஞ்சா அவ வரமாட்டான்னு இழுத்தடிக்கறீங்க. இன்னையோட சரி. இனிமே மாசத்துக்கு ஒரு ஞாயிறு. இந்த ஓட்டைச் சாமானத் தூக்கிக் குப்பைல போடுங்க.”

“அது ஓட்டைச் சாமான் இல்ல” என்றார் அப்பா, அப்போதுதான் சற்று ரோஷத்தோடு.

கறுப்புப் பெட்டிக்குள் கையை விட்டார். பட்டனிலிருந்து வரும் மெல்லிய ஒயர் ஒன்று கழன்று கிடந்தது. தேடாமலே எடுத்து, பார்க்காமலே மாட்டினார். பட்டனை அழுத்தினார். விசிறிகள் சுழன்றன. திரை வெளிச்சமானது.

அம்மா திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்போ தெரிஞ்சேதான். குழந்தைய ஏமாத்தியிருக்கீங்க. அவ வீட்டுக்கு வந்து, ‘பாவம்மா அப்பா, எவ்வளவு தேடியும் கிடைக்கல’ன்னு உங்களுக்காகப் பரிஞ்சு பேசறா. வெக்கமா இல்ல? நாளைக்கே வக்கீலப் பாக்கறேன்.”

அப்பா வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“மூணாவது வாரமே இது ஓடிடுச்சு. ரெண்டு பேரும் கை தட்டினோம். நான் டீ போட அந்தப் பக்கம் திரும்பினேன். சிட்டு இந்த ஒயரக் கழட்டி விட்டுட்டு, ‘அப்பா, நின்னு போச்சுப்பா’ன்னா. அன்னையிலேருந்து நானும் தேடிட்டுதான் இருக்கேன்.”

படிக்கட்டில் காலடிச் சத்தம் நெருங்கியது.

அம்மா எட்டிச் சுவர் சுவிட்சை அணைத்தாள். அந்த மெல்லிய ஒயரைப் பிடுங்கி, கிடந்தபடியே விட்டாள். பிறகு மூன்று மாடிக்கும் கேட்கும்படி கத்தினாள்: “இந்த ரெடிமேடக் கடைல திருப்பிக் குடுத்துடறேன், அடுத்த ஞாயித்துக்கிழமையாவது ஒழுங்காத் தேடுங்க சார்.”